ஓரத்தில் விழுந்த திகதி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு முதன்முதலாக டிஜிட்டல் கமரா ஒன்றைக் கொண்டுவந்தவர் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்பில் மின்சாரச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை. முதலாளியின் மகன் புதிது வாங்கிக்கொண்டு பழையதை இவர் தலையில் கட்டியிருந்தான். அதைப் பழையது என்று மாமா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. தீபாவளி லீவுக்கு எல்கடுவையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கமராவை மட்டும் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு, லயத்து வாசல்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து மெதுவாக நடந்து வந்தார். எங்கள் காம்பரா கடைசியில் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

கமரா ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான். கனம் மட்டும் இரண்டு கட்டி. பட்டனை அழுத்தினால் கண்ணாடி 'ஙீ' என்று வெளியே வரும். பின்பக்கம் தீப்பெட்டி அளவு திரை. வெயிலில் அதில் ஒரு மண்ணும் தெரியாது. உள்ளே தபால் முத்திரை அளவில் ஒரு தகடு. அதில் பதினாறு படம் பிடிக்கும், பதினேழாவதுக்கு இடமில்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். பென்சில் பெட்டரி இரண்டு போட்டால் மத்தியானத்துக்குள் குடித்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அமுக்கியவுடன் அது படம் பிடிக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஆட்கள், 'சரி, எடுத்தாச்சு' என்று திரும்பிவிடுவார்கள். முதல் நாள் எடுத்த பதினாறு படங்களில் பாதிக்கு மேல் எங்கள் லயத்து ஆட்களின் காதுகள்தான் இருந்தன.

பிடிக்காத படத்தை அழிக்கலாம் என்பதுதான் எங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பெக்டரியில் இருந்து வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அழிக்கிறதுக்கு எதுக்குப்பா புடிக்கணும்?"

உண்மையில் கமராவைப் பற்றி மாமாவுக்குத் தெரிந்தது அமுக்குவது மட்டும்தான். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துப் பட்டன்களின் குணத்தைக் கண்டுபிடித்தது சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை, மாமாவுக்கும் இளையவள். எங்களோடுதான் இருந்தாள். அந்த லயத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய ஒரே ஆள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு இருபது இருபத்தைந்து பிள்ளைகள் அவள் பொறுப்பில் கிடக்கும். பிள்ளைகளை யார் அடித்தாலும் அவளுக்கு ஆகாது. அடிப்பது பெற்ற தாயாக இருந்தாலும் நடுவில் போய் நின்றுவிடுவாள். அந்த வருஷம் ஆசிரியர் நியமனத்துக்கான பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே நாளில் கமரா முழுக்க அவள் கைக்குள் வந்துவிட்டது. பூப்படம் போட்ட பட்டன் கிட்டத்தில் எடுப்பதற்கு, நட்சத்திரமும் நிலாவும் இருட்டில் எடுப்பதற்கு, குப்பைத்தொட்டி அழிப்பதற்கு என்று எனக்கும் சொல்லித் தந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கொழுந்து நிறுக்கும் மடுவத்து நாயைப் பூப் பட்டனில் எடுத்தேன். மூக்கு மட்டும் அழகாக விழுந்தது.

படத்தின் ஓரத்தில் திகதி விழவைக்கும் வித்தையையும் முதல் நாளே சித்திதான் கண்டுபிடித்தாள். மஞ்சளும் சிவப்பும் கலந்த சின்ன எண்கள். மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "திகதி இருந்தாத்தான் படத்துக்கு மரியாதை. அது எப்பவும் இருக்கணும்" என்று உத்தரவு போட்டார். எங்கள் ஆட்களுக்கு அச்சில் விழுந்த திகதி என்றால் ஒரு பயபக்தி உண்டு. பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி எதிலாவது ஒரு திகதி பிசகினால், மாத்தளைக் கந்தோர்களுக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்த குடும்பங்கள்தான் எல்லாமே. வாயால் என்ன சொன்னாலும் எடுபடாது, தாளில் இருப்பதுதான் திகதி.

மாமா கமராவோடு இன்னொரு விஷயத்தையும் கொண்டுவந்திருந்தார். சித்திக்கு ஒரு வரன். மாத்தளை டவுனில் சொந்த இரும்புக்கடை, ஒரே மகன், மேல்மாடி வீடு. பெண்ணின் படம் பிடித்துப்போனால் பார்க்க வருவார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது, கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இதை எங்கள் வீட்டில் நல்ல சேதியாகவே பேசினார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு உட்கார்ந்து சாப்பிடும் யோகம் லேசில் வருமா?

சித்தி ஒரே ஒருதடவை வாயைத் திறந்தாள். "ரிசல்ட் வரட்டுமே அண்ணே."

"வந்தா வரட்டும். அது வந்து என்னா செய்யப் போவுது?" என்றார் மாமா. அம்மாவும் தம்பி பக்கம்தான். சித்தி பிறகு ஒன்றும் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். டவுனில் மேல்மாடி வீட்டுக்கு லீவில் போய் நிற்பதாக எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். ரேடியோ பெட்டரி இளைத்துப்போனால் அம்மா அதைத் தகரத்தில் வெயிலுக்கு வைப்பார். கொஞ்சம் உயிர் வரும். கமரா பெட்டரிக்கும் அந்த உபகாரத்தைச் செய்யலாம் என்று கழற்றிக் கொண்டுபோய் அரைநாள் தகரத்தில் காயவைத்தேன். திரும்பப் போட்டபோது கமராவுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முந்திய ஜனவரி முதலாம் திகதி என்று காட்டியது. பயந்துபோய்ச் சித்தியிடம் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அம்புக்குறிப் பட்டன்களை அமுக்கி, வருஷம், மாதம், நாள் என்று ஒவ்வொன்றாகச் சரிப்படுத்தினாள். "பாத்தியா, நாம என்னா சொல்றமோ அதத்தான் இது நம்பும்" என்றாள். விஷயம் மாமா காதுக்கும் போய், கமராவைத் தொட்டால் விரலை முறிப்பேன் என்று எனக்கு ஒரு தனி உத்தரவு வந்தது.

தீபாவளியன்று கோயில் முடிந்து வந்ததும் வரனுக்கான படம். சித்தி புதுச் சாரியில் நின்றாள். இடம் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. படத்தில் லயம் விழக் கூடாது, தேயிலை விழக் கூடாது என்று மாமா கட்டளை. டவுன் ஆட்கள் பார்க்கப்போகிற படமாச்சே. தேயிலைத் தோட்டத்தில் தேயிலை தெரியாத இடத்துக்கு எங்கே போவது? கோயிலடியில் நின்றால் பின்னால் மலை முழுக்கத் தேயிலை. மலையை மறைத்தால் லயத்துக் கூரை. சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சித்தி முன்னால் போக, மாமா கமராவோடும் நான் சீப்போடும் பவுடர் டப்பாவோடும் பின்னால் அலைந்தோம். கடைசியில் தோட்டக் கந்தோர் கிளாக்கரையா பங்களாவின் குரோட்டன் வேலி கிடைத்தது. அவர் ஊருக்குப் போயிருந்தார்.

"பெட்டரி எறங்கிருச்சி அண்ணே, மாத்தித் தாறேன்" என்று சித்தி கமராவை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மாமா மூன்று படம் பிடித்தார். அவள் அசையவேயில்லை. அமுக்கிய பிறகு கமரா யோசிக்கும் நேரத்தையும் கணக்கு வைத்து நின்றாள். முடிந்ததும், "நல்லா விழுந்திருக்கான்னு பாக்குறேன்" என்று மறுபடியும் வாங்கி, மறுபடியும் முதுகைக் காட்டிக் குனிந்தாள். அழகு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்பாவையும் அம்மாவையும் அதே வேலியடியில் நிறுத்தி ஒன்று எடுத்தோம்.

அடுத்த நாள் மாமா தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு மாத்தளை போனார். ஸ்டூடியோவில் சித்தியின் படத்தில் மூன்று பிரதி போட்டு, முகம் நன்றாக விழுந்திருக்கிறது, ஓரத்தில் திகதியும் இருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்பட்டு, அப்படியே கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இருக்கிறது என்று பார்த்தவர் என்ன திகதி என்று வாசிக்கவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். தரகர் தேத்தண்ணி வேண்டாம் என்றாலே விஷயம் நல்லதில்லை. படத்தை எடுத்து, உட்கார்ந்திருந்த வாங்கில் வைத்து, ஓரத்தில் விரலை வைத்தார்.

"நாலு வருசத்துக்கு முந்தின ஆவணி, எட்டாம் மாசமுங்க இது. நாலு வருசமா எத்தன வீடு சுத்தின படமோன்னு அந்தம்மா கேக்குறாங்க. அப்ப பொண்ணுக்கு இப்ப என்னா வயசு?"

மாமா அப்போதுதான் குனிந்து ஓரத்தை வாசித்தார். அம்மாதான் பாய்ந்தார். "ஐயோ, அந்தச் சாரி இந்தத் தீவாளிக்கு எடுத்ததுங்க!"

"சாரியில திகதி போட்டிருக்காங்களா?" என்றார் தரகர்.

மாமா ஓடிப்போய்க் கமராவைக் கொண்டுவந்தார். கோளாறு கமராவில்தான், இந்தா பாருங்கள் என்று தட்டினார். திரையில் அன்றைய திகதி, அன்றைய மாதம், அன்றைய வருஷம். நேரம்கூடச் சுவர் மணிக்கூட்டோடு ஒத்துப்போனது. தரகர் திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கமரா சரியாத்தானேங்க இருக்கு" என்று எழும்பிவிட்டார். "அவங்க கலேவெலப் பக்கம் வேற ஒரு எடம் பாக்குறாங்க. நீங்க ஒன்னும் மனசுல வச்சிக்காதீங்க."

அவர் படியிறங்கிப் போகும்வரை மாமா வாசலில் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு பெட்டரிய கழட்டினது நீதானே?"

நான் ஆமாம் என்பதற்குள் முதல் அடி விழுந்தது. "குடும்ப மானத்தையே வாங்கிட்டியேடி!" இரண்டாவது அடி காதோடு சேர்த்து. அம்மா தடுக்கவில்லை, அவருக்கும் அந்தக் கோபம்தான். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் தரகர் வேண்டாம் என்ற தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். யார் வீட்டுப் பிள்ளைக்கும் குறுக்கே வந்து நிற்கிறவள். எனக்காக ஒரு சொல் சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணை நிலத்தில் போட்டுக்கொண்டாள். அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

கொஞ்ச நேரத்தில் மாமா கமராவை வாங்கில் போட்டுவிட்டு வெளியே போனார். அழுதுகொண்டே அதை எடுத்து, நான் அப்படி என்னதான் கெடுத்துவிட்டேன் என்று படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நாயின் மூக்கில் திகதி சரி. குரோட்டன் வேலியடியில் அப்பா அம்மா நின்ற படத்திலும் சரி. அதே வேலி, அதே நாள், சித்தியின் மூன்று படங்களில் மட்டும் பிழை. ஆவணி பன்னிரண்டோ பதின்மூன்றோ. சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கமராவை வாங்கினாள். அந்த மூன்று படங்களையும் குப்பைத்தொட்டிப் பட்டனால் அழித்தாள். வரன் போன துக்கம் என்று நினைத்தேன். நினைத்தாலும் என் கோபம் இறங்கவில்லை. ஒரு கிழமைக்கு மேல் அவளோடு பேசாமல் இருந்தேன். அவளும் வந்து சமாதானம் பேசவில்லை.

தை பிறந்து முடிவு வந்தது. சித்திக்குப் பல்லேகமப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நியமனம். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டது மாமாதான். அதற்குப் பிறகு கொழும்பில் யாரைக் கண்டாலும் 'எங்க டீச்சரம்மா' என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். இன்றைக்கு அவள் பிரதி அதிபர். கல்யாணமும் பின்னால் நடந்தது, அவள் பார்த்த ஆளோடு.

பெட்டரி கழன்றால் அந்தக் கமரா ஜனவரி முதலாம் திகதிக்குத்தான் போகும். தானாக ஆவணி மாதத்துக்குப் போகாது. யாராவது அம்புக்குறியை அமுக்கி அமுக்கிக் கொண்டுபோய் விடவேண்டும். பிறகு அதே பொறுமையோடு திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். இது தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி சித்தி. மற்றவள் நான். எனக்கு இது உறைத்தபோது நானே இரண்டு பிள்ளைக்குத் தாய். சித்தியிடம் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் மறைக்கமாட்டாள். அந்த இரண்டு அடியைப் பற்றியும் பேசவேண்டி வரும், அதற்குத்தான் நான் தயாரில்லை.

அன்று இரவு திரும்பி வந்த மாமா விடியும்வரை வீட்டில்தான் இருந்தார். மூன்று படங்களில் மட்டும் திகதி பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மிச்சத்தை அவரே பிடித்திருப்பார், மறுநாளே மாத்தளைக்குப் போய்க் காலில் விழுந்தாவது வரனைத் திருப்பியிருப்பார். நான் இருந்த கோபத்துக்கு, விளங்கியிருந்தால் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். எனக்கு விளங்கவில்லை. சித்தி டீச்சரானாள்.