ஹுல்டா தூக்காத கைப்பிடி

டெக்சாஸ் மலைநாட்டில் ஜனாதிபதி ஜான்சனைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கரண்டில்தான் ஆரம்பிப்பார்கள். அவர் ஜனாதிபதி ஆவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே எங்களுக்கு அவர் கரண்ட் கொண்டுவந்த ஆள். நான் ஹுல்டா ஆரென்ஸில் ஆரம்பிக்கிறேன். எங்கள் பகுதிப் பிரதிநிதியாக வாஷிங்டனில் சண்டை போட்டுக் கம்பி வாங்கித் தந்தது அவர் என்றால், அந்தக் கம்பியை எங்கள் சாலைக்குள் இழுத்து வந்தது அவள். அவளுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

1938. ஒரு மைலுக்கு மூன்று வீடாவது கையெழுத்துப் போட்டால்தான் கம்பம் நடுவார்கள். எங்கள் மைலில் இருந்ததே மூன்று வீடுதான். ஹுல்டா வீட்டில் அவள் கணவர் ஓட்டோ போட்டுவிட்டார். ஹுல்டா சொன்ன பிறகு அவருக்குத் தனிக் கருத்து இருந்ததில்லை. அடுத்த வீட்டுக்காரரும் போட்டார். மூன்றாவது எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வில்லி மட்டும் மாட்டேன் என்று நின்றார்.

"கையெழுத்தப் போட்டா நாளைக்கே நிலத்தப் புடுங்கிக்குவான். எங்கப்பன் காலத்துல இல்லாத வெளிச்சம் எனக்கு மட்டும் எதுக்கு?"

எங்கள் பக்கம் திங்கட்கிழமை துவைக்கும் நாள், செவ்வாய் இஸ்திரி போடும் நாள். இடி விழுந்தாலும் அது மாறாது. அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் ஹுல்டா வந்தாள். என் கையிலிருந்த இரண்டு வாளிகளையும் பிடுங்கி வில்லியின் காலடியில் வைத்தாள்.

"எர்னாவுக்கு இன்னிக்கு இடுப்பு வலி. தண்ணிய நீ எடு."

எனக்கு எங்கே இடுப்பு வலி என்று கேட்க வாயெடுத்தேன். முறைத்தாள். "ஆமா, பயங்கர வலி," என்றேன்.

கிணறு மேட்டுக்குக் கீழே இருந்தது. எட்டாவது நடையில் வில்லிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னுமா முடியல?"

"இது மொதல் அலசல்தானப்பா. இன்னொரு அலசல் இருக்கு. அப்பறம் நீலம். இவ பத்து வருஷமா எடுக்குறா, ஒரு நாளாவது உன்கிட்ட வந்து மூச்சு வாங்கினாளா?"

நடுப்பகலுக்கு வில்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பேப்பர் எங்க இருக்கு?" என்றார்.

அடுத்த வருஷம் கரண்ட் வந்தது. மோட்டார் தண்ணீரைச் சமையலறைக்கே ஏற்றியது. ஹுல்டா பத்திரிகையில் வந்த ஜான்சன் படத்தை வெட்டி, சட்டம் போட்டு, சுவிட்சுக்கு மேலே மாட்டினாள்.

ஹுல்டாவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் குழந்தை இல்லாமல் கிடந்து, 1949இல் ஆல்வின் பிறந்தான். ஒரே பிள்ளை. பையன் வளர வளர ஜான்சனும் வளர்ந்தார். ஜனாதிபதி ஆனார். வியட்நாம் போருக்கு மேலும் மேலும் பையன்களை அனுப்பினார். ஆல்வினுக்கும் பட்டாளத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது.

1968இல் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஹுல்டா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, கையிலிருந்த சட்டையை முழுசாகத் தேய்த்து மடித்து வைத்தாள். ஆல்வினுடைய சட்டை. வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று வாராவாரம் தேய்ப்பாள். அவனுக்குப் பத்தொன்பது வயசு.

ஆஸ்டினில் படிக்கும் அவள் அக்கா மகன் ரூடி துக்கத்துக்கு வந்தான். "சித்தி, அந்தாளு படத்தக் கழட்டி அடுப்புல போடுங்க," என்றான்.

"தண்ணி சொமந்து என் தோள்ல விழுந்த காய்ப்பு இன்னும் இருக்குடா. நீயா வந்து எறக்கி வச்ச? அந்தப் படத்துல கை வச்ச, உன் கைய முறிச்சிருவேன்."

படத்தைக் கழற்றவில்லை. எதிர்ச் சுவரில், அதே உயரத்தில் ஆல்வின் படத்தை மாட்டினாள். என்னிடம் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கட்டும். நான் நடுவுல நின்னு சமைக்கிறேன்."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் வந்த நாளில் வருஷா வருஷம் நடன மண்டபத்தில் கூடுவோம். மேடையோரம் இருக்கும் பெரிய மெயின் சுவிட்ச் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்து, பழைய நாளை நினைத்து ஒரு நிமிஷம் கரண்ட் இல்லாமல் உட்கார்வோம். பிறகு முதன்முதல் கையெழுத்துப் போட்ட வீட்டார் ஒருவர் அதை மேலே தூக்குவார். முப்பதாவது வருஷம் ஹுல்டாவின் முறை. விழாவுக்கு முந்தின நாள் விழாத் தலைவன் எர்வின் ஒரு கூடை பீச் பழத்தோடு வந்தான்.

"அக்கா, ரெண்டு வார்த்த பேசுங்க. கரண்டப் பத்தி மட்டும். ஆல்வின் பேச்சு வேண்டாம். சந்தோஷமான நாளு, பத்திரிகைக்காரங்க வேற வராங்க."

"ஏன், ஆல்வின் லாந்தர் வெளிச்சத்துலயா பொறந்தான்?"

"அதுக்கில்லக்கா. ஜான்சனுக்கு மரியாதையா இருக்கணும்ல?"

ஹுல்டா பேசாமல் பழத்தை எடுத்து வைத்தாள். அவள் வாயை மூடினால் சம்மதம் என்று நினைக்க எர்வின் மாதிரி மடையனால்தான் முடியும்.

ஆகஸ்ட் மாத மத்தியானம். முந்நூறு பேர். ஹுல்டா கைப்பிடியை இழுத்தாள். மின்விசிறிகள் நின்றன, மைக் செத்தது. ஒரு நிமிஷம் போனது. எர்வின் தலையாட்டினான். அவள் தூக்கவில்லை.

"அந்த நிமிஷம் பழைய காலத்துக்கு," என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "இது என் பையனுக்கு. அவனுக்குப் பத்தொம்பது வயசு. பத்தொம்பது நிமிஷம் உக்காருங்க."

எர்வின் ஓடிவந்து கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தான். என் வில்லி எழுந்து போய்க் குறுக்கே நின்றார். எனக்கே ஆச்சரியம்.

"அவ சொன்னா செஞ்சிரணும், தம்பி. நான் பட்டவன் சொல்றேன். போய் உக்காரு. புழுக்கமா இருந்தா கீழ போயி ரெண்டு வாளி தண்ணி கொண்டா."

சிலர் திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். போகட்டும். மற்றவர்கள் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ்கிரீம் உருகி மேஜையிலிருந்து சொட்டியது. பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, "என் மகன் இன்னும் அங்கதான் இருக்கான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஹுல்டா அழவில்லை.

நேரம் முடிந்ததும் சொன்னாள்: "கரண்டக் கொண்டாந்தவரு அவருதான். நான் மறக்கல. என் புள்ளைய அனுப்புனவரும் அவருதான். அதையும் மறக்கல. ஒண்ணச் சொல்லி இன்னொண்ண மூடலாம்னு யாரும் பழக்கூடையத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வராதீங்க."

தூக்கினாள். விசிறிகள் சுழன்றன. யாரும் கைதட்டவில்லை.

அடுத்த வருஷம் எர்வின் உஷாராகிவிட்டான். ஹுல்டா வேண்டாம், சாதுவான ஆளாக இருக்கட்டும் என்று வில்லியைக் கூப்பிட்டான். வில்லி கைப்பிடியை இழுத்தார். ஒரு நிமிஷம் ஆனது. எர்வின் தலையாட்டினான். வில்லி அவனைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் வரிசையில் இருந்த ஹுல்டாவைப் பார்த்தார்.

"இந்த வருஷம் இருபதா, ஹுல்டா?"

"பத்தொம்பதுதான் வில்லி," என்றாள். "அவனுக்கு இனிமே வயசு ஏறாது."