அடுப்படியில் திறந்த முகம்

சம்பூர்ணம் என்கிற பேரை ரத்னா முதன்முதலாகக் கேட்டது உப்பங்கழியின் நடுவில், தோணியில். கல்யாணம் முடிந்து முட்டுக்காட்டுப் பக்கத்திலிருந்து கடப்பாக்கத்துத் திட்டுக்குப் புருஷனோடு போய்க்கொண்டிருந்தாள். கோல் ஊன்றிய அருணகிரி அவள் புருஷனுக்குத் தாய்மாமன் முறை. அவர்தான் சொன்னார்.

"பெரியவன் மாயவன் பொஞ்சாதி சம்பூர்ணம்தான் உனுக்கு ஓரகத்தி. அந்த வூட்டுல மீனுக்குப் பஞ்சம் கெடையாது. பேச்சுக்குத்தான் பஞ்சம்."

திட்டு என்றால் வெறும் மணல். முன்னால் கடல், பின்னால் கழி, நடுவே கொஞ்சம் ஓலைக் குச்சு வீடுகள். விடிகிற நேரத்தில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே வெளுப்பாகக் கிடக்கும். பாயை விட்டு எழுந்திருக்கிற ரத்னாவுக்கு, ஊரே எங்கேயோ மெதுவாக மிதந்து போகிற மாதிரி இருக்கும்.

கழித் தண்ணீர் கடலுக்குப் போக வடக்கே முகம் என்கிற ஒரு திறப்பு இருந்தது. அது தூர்ந்துபோனால் திட்டின் நடுப்பள்ளத்தை வெட்டிவிடுவார்கள். அதனால் அந்தப் பள்ளத்தில் யாரும் வீடு கட்டுவதில்லை. இன்னொரு ஊர்க்கட்டும் உண்டு. வெட்டுகிற இடத்துக்குக் கிட்டத்தில் எந்த வீட்டில் அடுப்பெரிகிறதோ, அந்த வீட்டுப் பெண்தான் முதல் கை மண்ணை அள்ளவேண்டும். அவள் அள்ளாமல் ஆண்கள் மம்மட்டியைத் தொடமாட்டார்கள்.

பல வருஷமாகப் பள்ளத்தை வெட்ட வேண்டியிருக்கவில்லை. மணல் மேடேறிவிட்டது, காற்று நன்றாக வருகிறது என்று மாயவன் அங்கேயே வீடு கட்டினான். கடலம்மா வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வாய் என்று பங்காளிகள் கேலி பண்ணினார்கள். "நாஸ்தா குடுத்து அனுப்புறேன்" என்றான். சம்பூர்ணம் அங்கே அடுப்பு மூட்டினாள்.

எழுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில் மழை விடவே இல்லை. மேற்கே ஏரிகள் உடைந்து, கழி செம்மண் நிறமாகத் திரும்பியது. வைக்கோல் வந்தது, பூசணிக்காய் வந்தது, யார் வீட்டுத் தொட்டிலோ ஒன்று காலியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. கடலும் சும்மா இருக்காமல் வடக்கு முகத்தில் மணலை வாரிப் போட்டு அடைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் குச்சுகளுக்குள் ஏறியது. பிள்ளைகளைக் கட்டுமரங்களில் உட்காரவைத்தார்கள். பட்டப்பகல், ஆனால் விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது.

மம்மட்டியோடு எல்லோரும் மாயவன் வீட்டு முன்னால் போய் நின்றார்கள். மாயவன் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பொழுதோட வடிஞ்சிடும். புது வூடு மாமா இது."

"வடிய எங்க வழி கீது?" என்றார் அருணகிரி.

ரத்னா இடுப்பில் கைக்குழந்தையோடு மேட்டுக்குக் கீழே நின்றாள். தண்ணீர் தொடைக்கு மேலே வந்திருந்தது. குழந்தை காலை ஆட்டும்போது பாதம் தண்ணீரில் படும், அது சிரிக்கும். சம்பூர்ணம் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அப்புறம் உள்ளே போனாள். மேடேறிய மணல்மேல் உயரமாகக் கட்டியிருந்ததால் அந்த வீட்டுக்குள் மட்டும் இன்னும் தண்ணீர் ஏறவில்லை, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழம்புச் சட்டியை இறக்கி ரத்னாவிடம் நீட்டினாள்.

"சூடு கீது. துணி வச்சிப் புடி."

அடுப்புக் கல்லைப் புரட்டிவிட்டு, அங்கேயே குனிந்து, சுடுசாம்பலும் மணலுமாக ஒரு கை அள்ளினாள். கடல் பக்கம் நடந்துபோய்ப் போட்டாள். திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள்.

"எழுந்திருய்யா. தண்ணி போவட்டும்."

மாயவன் கம்பத்தை விட்டான்.

வெட்டின வாய்க்கால் முதலில் கயிறு மாதிரி அடுப்படி வழியாக ஓடியது. பிறகு பாய் அகலம், பிறகு தெரு அகலம். சுவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கூரை மட்டும் கலையாமல், மேலே ஒரு பெட்டைக் கோழி உட்கார்ந்திருக்க, சாமி ஊர்வலம் போகிற நிதானத்தில் கடலுக்குள் போனது. இன்றைக்கும் ரத்னாவுக்குக் கனவில் அந்தக் கூரை வரும். கோழி திரும்பிப் பார்க்கும்.

பொழுது சாய்வதற்குள் குச்சுகளில் ஈரமணல் தெரிந்தது. பிள்ளைகள் கட்டுமரத்தில் இருந்தபடியே அந்தக் குழம்பைத் தொட்டு நக்கினார்கள். மாயவனும் போய்க் கை நீட்டினான். சம்பூர்ணம் அவனுக்கும் ஊற்றினாள்.

அடுப்படியில் வெட்டின அந்த முகம் திரும்ப மூடவே இல்லை. திட்டு இரண்டாகி, கரைந்து, ஒவ்வொரு குடும்பமாகக் கரையேறியது. மாயவன் போய்ச் சேர்ந்துவிட்டான். சம்பூர்ணம் இப்போது கடப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். காலையில் கடைத்தெருவில் கருவாடு விற்கிறாள்.