வேனில் வரும் பொதுமக்கள்

சோமனூர் வேலுமணி தறி ஓட்டிப் பிழைத்தவர். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் வட்டாரத்தில் எங்கே புதுக் கட்டடம் எழும்பினாலும் அங்கே பொதுமக்கள் என்றால் அது அவர்தான்.

வினை ஆரம்பித்தது பக்கத்து ஊரில் கட்டவிருந்த நூலகத்தில். கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸில் ஆபீஸ் வைத்திருந்த ஆர்க்கிடெக்ட் வரதராஜுலு, மக்களைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டார். தரையில் சுண்ணாம்புத் தூளால் கட்டடத்தை வரைந்து, ஊர்க்காரர்களை அதைச் சுற்றிலும் உட்காரவைத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்பார். நம் ஊர்க்காரர்கள் வெளியாள் முகத்துக்கு நேரே குறை சொல்லிவிடுவார்களா? வாயே திறக்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன வேலுமணி மட்டும் எழுந்து, தலையைச் சொறிந்து, ஜன்னல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை என்றார். வரதராஜுலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள்.

அதற்கப்புறம் எந்த ஊரில் கூட்டம் என்றாலும் வரதராஜுலு அனுப்பும் வேன் முதலில் வேலுமணி வீட்டுக்குத்தான் வந்தது. அன்னூரில் அவர் பச்சைத் துண்டு போட்ட விவசாயி. தொண்டாமுத்தூரில் யானைக்குப் பயந்த தோட்டக்காரர். வித்தை கைவந்துவிட்டது: தலையைச் சொறிவது, செலவில்லாத ஒரு சின்னக் குறை, மற்றதெல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஒரு கும்பிடு. சால்வைகள் டிரங்குப் பெட்டியில் சேர்ந்தன. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்படியிருக்க, அவர் குடியிருந்த லைன் வீடுகளையே இடித்துக் கட்ட ஒரு சங்கம் முன்வந்தது. வரைகிறவர் அதே வரதராஜுலு. வேலுமணியின் மனைவி மாசாணியம்மாள், சேலை கட்டி மறைத்த மூலையில் விடியுமுன் அரைகுறையாகக் குளித்தே காலம் தள்ளியவள். மகள் கயல்விழி வயதுக்கு வந்த பிறகு அவளுக்கும் அதே மூலைதான்.

"ஏனுங்க, ஊரூராப் போயி சன்னல் கேக்கறீங்க. நம்ம புள்ளைக்குக் கதவு வெச்ச ஒரு குளிக்கற ரூம்பு கேட்டுப்போடுங்க" என்றாள்.

கேட்காமல் விடுவேனா என்று மார்தட்டிக்கொண்டு போனார்.

கூட்டத்தில் வரதராஜுலு உற்சாகமாக ஒரு வட்டம் வரைந்தார். பொதுக் குளியல் முற்றமாம். மார்பளவு சுவர், கதவு கிடையாது. பெண்கள் பேசிக்கொண்டே குளிக்கலாம், ஒற்றுமை வளரும் என்று விளக்கினார். அந்த ஒற்றுமையை வளர்க்க அவருடைய சொந்த வீட்டில் மட்டும் ஏனோ இடமில்லாமல் போயிற்று. வேலுமணி எழுந்தார். பின்வரிசையில் கயல்விழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. கேமரா அவர் பக்கம் திரும்பியது. கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"பக்கத்துல ஒரு வேப்பமரம் வெச்சாத் தேவலைங்க. மத்ததெல்லாம் ரொம்ப நல்லாருக்குங்க."

கயல்விழி எழுந்து போய்விட்டாள்.

கட்டடம் எழும்பியது, வேப்பங்கன்றும் நட்டார்கள். சில மாதம் கழித்து விருந்தாளிகளைக் கூட்டி வந்த வரதராஜுலு, முற்றத்தின் ஒரு மூலையைக் கண்டு பூரித்துப் போனார். ஜரிகைச் சால்வைகளை ஒன்றோடொன்று தைத்து, மூங்கில் நட்டு, சுற்றிலும் மறைப்பு கட்டியிருந்தது. உள்ளே கயல்விழி தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். வெளியே மாசாணியம்மாள் காவல் நின்றாள். மக்களே முன்வந்து அழகு சேர்த்திருக்கிறார்கள் என்று வரதராஜுலு விருந்தாளிகளிடம் பெருமைப்பட்டு, இந்த யோசனை எப்படி வந்தது என்று பக்கத்தில் நின்ற வேலுமணியைக் கேட்டார்.

அவர் கை தலைக்குப் போவதற்குள் மாசாணியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அவரைக் கேக்காதீங்க. அவரு எல்லா ஊருக்கும் பேசற ஆளுங்க. எம்புள்ளைக்குப் பேசத்தான் ஆளில்லீங்க."

வரதராஜுலு கனைத்துக்கொண்டு, வேப்பங்கன்றைப் படம் எடுக்கச் சொன்னார். வேலுமணி அதன் பக்கத்தில் போய் நின்றார்.