கெப்டன் சேர் நின்ற வெயில்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை யாரிடமும் கையேந்தாமல் வளர்த்தவள் நான். எங்கள் ஊர் உக்குவளையில் விடியுமுன் இடியப்பம் அவிப்பேன். மூத்தவள் சரோஜா அதைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்குமே என்று, "இத அங்க யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

பட்டாளத்தில் கெப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவளுக்கு வாத்தியாராக வந்தார். பிந்தி வந்ததற்காக அவளை வெயிலில் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டுச் சண்டை பிடிக்கப் போனேன். அங்கே அவளுக்குப் பக்கத்தில் அவரும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க ஏன் சேர் நிக்கிறீங்க?"

"என் ஆளுக்குத் தண்டனைன்னா நானும் கூட நிக்கணும்மா. பட்டாளத்துல அப்படித்தான் பழகிட்டேன். ஏன் பிந்துதுன்னு கேட்டா புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது. உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாது சேர்" என்றேன். சரோஜா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு என் மானம் தப்பியதா, போனதா? இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவளிடம் இதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

பேத்தி, எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். சத்தமாக வாசி. உன் அம்மா சரோஜா அடுப்படியில்தான் இருக்கிறாள்.