ஆறு கட்டத்துச் சோகம்

திங்கட்கிழமை விடுமுறையைக் கழித்துவிட்டால், ஒக்தாவ் வாஸர் அறுபத்தொரு வயதுவரை ரொட்டிக்கடையை அடைத்தது ஒரே ஒரு அரை நாள். அன்று அவருடைய அம்மாவை அடக்கம் செய்தார்கள். அப்பா போனபோது அந்த அரை நாளும் கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ரொட்டியை விற்றுத்தான் அனுப்பினார். வில்லர்மோன் என்ற அந்தப் பிரெஞ்சுச் சிற்றூரில் அவருக்குக் கல்நெஞ்சுக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்டவருடைய நாய் பொம்பொன், பதினான்கு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தபடியே செத்துப்போயிற்று. பின்கட்டில் பேரிக்காய் மரத்தடியில் புதைத்தார். மறுநாள் மாவில் கை வைத்தார், கை ஓடவில்லை. கடையை அடைக்கலாம். ஆனால் கதவில் என்ன எழுதி ஒட்டுவது? பெற்ற அப்பனுக்கு அடைக்காதவன் நாய்க்கு அடைத்தான் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? வெறுமனே ‘மனசு சரியில்லை’ என்று எழுதினாலோ, ஏன் எதற்கென்று கேட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாத்திரத்தில் சூப்போடு வந்து நிற்பார்கள்.

மாவு பொங்கும்வரை குறுக்கெழுத்துப் போடுவது ஒக்தாவின் வழக்கம். அதில் அடிக்கடி வரும் ஒரு சொல்: இனம் புரியாத சோகம், பிரெஞ்சில் ஆறெழுத்து. அதைக் கட்டத்தில் எழுதியிருக்கிறாரே தவிர ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கெட்டி அட்டையில் எழுதி ஒட்டினார்: ‘ஸ்ப்ளீன் காரணமாகக் கடை மூடப்பட்டுள்ளது.’

அவர் நினைத்தது பலித்தது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. சொல்லுக்கு அர்த்தம் தெரியாது என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தொத்துமா?” என்றார் மேயரம்மா.

“ஆங்கிலேயன்கிட்ட கடன் வாங்குன சொல்லு மேயரம்மா,” என்றார் மருந்துக்கடை பெலிசார். “அவனுக்கு அது வயித்துல இருக்கிற மண்ணீரல். நம்ம பிரெஞ்சுக்காரன் அதைத் தூக்கி மனசுல வெச்சுக்கிட்டான். கவிஞர்களுக்கு வர்றது.”

“ரொட்டி சுடுறவனுக்கு ஏன் வருது?”

“அதான் எனக்கும் புரியல. அவருக்கெல்லாம் மூட்டுவலிதான் வரணும்.”

மூன்றாம் நாள் ஊரே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட சமையற்காரி ஸ்ப்ளீன் வந்துவிட்டதென்று விடுப்பு எடுத்தாள். பக்கத்து ஊருக்குப் போய்க் காய்ந்த ரொட்டி வாங்கி வந்தவர்களெல்லாம் தங்களுக்கும் ஸ்ப்ளீன் என்றார்கள். ஒக்தாவுக்கோ உள்ளே இன்னும் கனத்துப்போயிற்று. கேட்கக்கூடாது என்றுதான் எழுதினார். யாரும் கேட்கவில்லை என்பதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

நாலாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு யூகெத். பதினான்கு வருடமாக அவருடன் சண்டை போடுகிறவள். சாயங்காலம் ஆறு மணிக்கு பொம்பொன் அவள் வாசலில் இருக்கும் ஜெரேனியப் பூந்தொட்டியில்தான் காலைத் தூக்கும். அதற்காக மேயரம்மாவுக்கு மூன்று முறை எழுதிப்போட்டிருக்கிறாள்.

“என் தொட்டி நாலு நாளா காஞ்சு கெடக்கு,” என்றாள்.

ஒக்தாவ் அடுப்புக்குப் பக்கத்து வெற்றிடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“எப்ப போச்சு?” என்று கேட்டாள்.

“செவ்வாக்கெழம.”

“அப்புறம் என்னத்துக்கு இந்த இங்கிலீஷ் அட்டை? அது காரணம் இல்லாத சோகத்துக்குச் சொல்றது. உங்க சோகத்துக்கு நாலு காலு இருந்துச்சு.”

“எங்கப்பா செத்தப்பவே கடையைத் தொறந்து வெச்சவன் நான். இப்ப நாய்க்குன்னு எப்படிச் சொல்லுவேன்?”

“அவருக்கு விட்டதையும் சேத்து இப்ப அழுதுடுங்க. எனக்கு நாளைக்கு ரொட்டி வேணும்.”

அவர் அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். யூகெத் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைக் கிழித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, அழுது முடியும்வரை நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்தது. வரிசை சர்ச் மதில்வரை நின்றது.

“ஸ்ப்ளீன் எப்படி இருக்கு?” என்று தணிந்த குரலில் விசாரித்தார் மேயரம்மா.

“நாய் செத்துப்போச்சு மேயரம்மா. வருத்தமா இருக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. “எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் பெலிசார். அவருக்கு அன்று கொஞ்சம் கருகிய ரொட்டியாகப் பார்த்துக் கொடுத்தார் ஒக்தாவ்.

சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய் ஜெரேனியத் தொட்டியில் ஊற்றினார். மேலே ஜன்னல் திறந்தது.

“கொஞ்சமா ஊத்துங்க,” என்றாள் யூகெத். “அவன் இவ்வளவு ஊத்தமாட்டான்.”