பனிக்குக் கட்டிய வேட்டி

மொட்டை மாடியில் தக்காளித் தொட்டிகளுக்கு மேலே நான் கட்டியிருக்கும் வேட்டி என் மாமனாருடையது. விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. நான்கு மூலைகளிலும் குச்சி குத்திய ஓட்டைகள், ஓரங்களில் துணி கிளிப்பின் துருக்கறை. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் தொட்டி மண் பாளம் பாளமாக வெடித்துவிடுகிறது. அதனால் காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு இதைக் கட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அவிழ்த்து மடித்து வைக்கிறேன். ஆனால் இந்த ஓட்டைகள் முதலில் விழுந்தது வெயிலுக்காக இல்லை, பனிக்காக. அதுவும் ஒரு சித்திரை மாதத்தில்.

அப்போது நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். கைக்குழந்தையோடு நான் மட்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் வாய்விட்டுப் பேசிய தமிழெல்லாம், பேச்சு வராத குழந்தையிடம் பேசியதுதான். அறையில் சூடு போதுமா, அதிகமா என்று சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். இரண்டு ஸ்வெட்டர் போடுவேன், வியர்க்குமோ என்று ஒன்றைக் கழற்றுவேன், கழற்றியது தப்போ என்று மறுபடி போடுவேன். படித்தவள்தான். குழந்தை வளர்ப்பு பற்றிக் கைபேசியில் கிடைப்பதையெல்லாம் படித்தேன். ஒன்றைப் படித்தால் பயம் போய், அடுத்ததைப் படித்தால் திரும்பி வந்தது.

பங்குனியில் மாமனார் வந்தார். மாமியார் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தங்க அனுமதி. தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் வைத்து வளர்ந்தவர், பிறகு காஞ்சிபுரத்தில் சிமெண்ட் கடை போட்டவர். எங்கள் வீடுகளில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதைதான். ஊரில் இருந்தவரை அவர் சொன்னதை மாமியார் என்னிடம் சொல்வார், நான் சொன்னதை அவரிடம் சொல்வார். அங்கே நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லை. பகல் முழுக்க அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சமையலறையில் இருந்தால் அவர் கூடத்தில், நான் கூடத்துக்கு வந்தால் அவர் எழுந்து தோட்டத்துக்கு.

கடைசியில் குழந்தைதான் அந்த வேலைக்கு வந்தாள்.

"பாப்பா, உங்கம்மாவ மொதல்ல சாப்புடச் சொல்லு. அவ சோறு ஆறிக்கினு இருக்குது" என்பார் தொட்டிலைப் பார்த்து. நானும் தொட்டிலைப் பார்த்தே, "தாத்தாவுக்கு இன்னொரு டீ வேணுமான்னு கேளு பாப்பா" என்பேன். பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கையை ஆட்டுவாள். ஒருநாள் அவளுக்கு லேசாகச் சுரம். நான் வெப்பமானியோடு ஓடிக்கொண்டிருந்தேன். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, "உடம்பு சுட்டா உங்கம்மாவுக்குத்தான் மொதல்ல வேர்க்குது, பாரு பாப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் பகலில் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பயப்படுவதற்கு இன்னொரு ஆள் இருந்தால் பயம் பாதியாகிவிடுகிறது.

வீட்டின் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் இருந்தது. அதைக் கொத்தி வைத்தார். ஊரிலிருந்து தாளில் மடித்துக் கொண்டுவந்த கத்திரி விதையையும் மிளகாய் விதையையும் தயிர் டப்பாக்களில் போட்டு ஜன்னலோரம் வைத்தார். கூடவே ஒரு தமிழ்த் தேதிக் காலண்டரும் கொண்டுவந்து சமையலறையில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் தாளைக் கிழித்துவிட்டுத்தான் டீ. அந்த ஊரின் வசந்தம் அந்தக் காலண்டருக்கு அடங்கவே இல்லை. காலையில் கண்ணைக் கூசும் வெயில், கொடியில் துணியைப் போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் தூறல், தூறல் நிற்பதற்குள் காற்று, சில நாள் கல்கண்டு போல ஆலங்கட்டி. நான் ஒரே நாளில் பாப்பாவுக்கு மூன்று முறை சட்டை மாற்றுவேன். அவர் டப்பாக்களை வெளியே தூக்கி வைப்பார், உள்ளே எடுப்பார், மறுபடி வெளியே வைப்பார்.

அக்னி நட்சத்திரம் தொடங்குவதாகக் காலண்டர் சொன்ன நாளில் நல்ல வெயில் அடித்தது. அவர் முகத்திலும் அடித்தது. நாற்றை வெயில் தாழ நட்டால்தான் வேர் பிடிக்கும் என்று மாலை வரை காத்திருந்து எல்லாவற்றையும் மண்ணில் நட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், பனி இருக்கிறது என்றார். நான் இடுப்பில் இருந்த பாப்பாவிடம் திரும்பி, "இன்னும் பனி பெய்யுமாம்னு அந்தம்மா சொல்றாங்க பாப்பா" என்றேன்.

"அந்தம்மாவ நம்ம காலண்டரப் பாக்கச் சொல்லு பாப்பா. அக்னி நட்சத்திரத்துல எங்கனா பனி பேயுமா?" என்று சொல்லிவிட்டு வேலிப் பக்கம் திரும்பி, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று கும்பிட்டார். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டு கும்பிட்டார். எனக்கும் அவர் சொன்னதே சரியென்று பட்டது. அன்று முதுகில் உறைத்த வெயில் அப்படி.

மறுநாள் காலையில் புல் முழுக்க உப்புத் தூவியது போல வெள்ளை. நாற்றுகள் கருத்து, வேகவைத்த கீரை போல மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. சமையலறைச் சுவரை ஒட்டி நட்ட மூன்று கத்திரி மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. அவர் குரங்குக் குல்லாயோடு அங்கே குந்தி உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அன்று காலண்டரில் தாளைக் கிழிக்கவில்லை.

மாலையில் கணவர் வந்ததும் மாமனார் அவரிடம் சொன்னது சமையலறையில் எனக்குக் கேட்டது. "டிக்கெட்ட முன்னாடி மாத்திப் போடுபா. எனக்கு இங்க என்னா வேல இருக்குது? ஒரு செடி வைக்கக்கூட லாயக்கு இல்ல." கணவர், "சரிப்பா, பாக்குறேன்" என்றார். மாமனார் போய்விட்டால் மறுபடி அந்த வீடு, அந்த வெப்பமானி, நான். இருங்கள் என்று யார் சொல்வது? நான் சொல்லலாமா? சொன்னால் என்ன நினைப்பார்? ஊருக்குப் போக ஆசைப்படும் மனிதரை என் வசதிக்காகப் பிடித்து வைப்பது சரியா? கணவரிடம் சொல்லிச் சொல்லவைக்கலாம். ஆனால் அவர், "அவ தனியா இருக்க பயப்படுறாப்பா" என்று ஒரே வரியில் போட்டு உடைத்துவிடுவார்.

அடுத்த நாள் மாலை வானம் துடைத்தது போல இருந்தது. மேகம் இல்லாவிட்டால்தான் பனி இறங்கும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. செடிக்கு மேலே போட வீட்டில் துணி தேடினேன். என் புடவைகள் பெட்டிக்குள் அடியில் கிடந்தன. கொடியில் அவருடைய வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. மாமனார் கட்டுகிற வேட்டியை மண்ணில் விரிப்பதா என்று கை இரண்டு முறை பின்வாங்கியது. பிறகு எடுத்தேன். நான்கு குச்சிகளை நட்டு, மூலைகளைக் குத்தி, துணி கிளிப் போட்டு மூன்று செடிகளையும் மூடினேன். உள்ளே வந்து, அவர் வேட்டியைத் தேடப்போகிறாரே என்ற பயத்திலேயே சமைத்தேன்.

காலையில் அவருக்கு முன்னால் எழுந்து போனேன். வேட்டி பலகை போல விறைத்திருந்தது. தூக்கிப் பார்த்தால் கீழே மூன்றும் பச்சையாக நின்றன. பின்னால் செருப்புச் சத்தம். திரும்பாமல் பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

"பாப்பா, உங்கம்மா என் வேட்டியக் கொண்டாந்து செடிக்குக் கட்டிட்டா. இனிமே நான் என்னாத்தக் கட்டிக்கிறது?"

கோபமா, கேலியா என்று தெரியவில்லை. குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்: "பாப்பா, காய் காய்க்கிற வரைக்கும் தாத்தாவ இங்கயே இருக்கச் சொல்லு."

அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு செடியின் அடியிலும் மண்ணை அணைத்து அழுத்தினார். பாப்பா அவர் குல்லாயைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அன்று மாலை கணவர் டிக்கெட் பேச்சை எடுத்தபோது, "இப்ப வேணாம்பா. வேட்டி இன்னும் காயல" என்றார். கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதன் பிறகு மாலையில் நான் கட்டுவேன், காலையில் அவர் அவிழ்ப்பார். ஆவணியில் இரண்டே இரண்டு கத்திரிக்காய் வந்தன, எலுமிச்சம்பழம் அளவுக்கு. காரக்குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "உங்கம்மாகிட்ட சொல்லு பாப்பா, எண்ணெ கொஞ்சம் கம்மி" என்றார். இரண்டாவது முறையும் அதையே ஊற்றிச் சாப்பிட்டார். கிளம்பும்போது பெட்டியில் வேட்டியை வைக்கப் போனேன். "அது இங்கயே இருக்கட்டும் பாப்பா. அடுத்த வருசப் பனிக்கு ஆவும்" என்றார்.

அடுத்த வருடப் பனிக்கு வேட்டி இருந்தது, அவர் இல்லை. தை மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தச் சித்திரையில் நான் கடையில் நாற்று வாங்கி நட்டு, தனியாகக் கட்டி, தனியாக அவிழ்த்தேன்.

இப்போது மகளின் படிப்புக்காக நானும் அவளும் காஞ்சிபுரத்தில் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டோம். கணவர் இன்னும் அங்கேதான். வீடியோவில் தோட்டத்தைக் காட்டி, இங்கே இப்போது ஆலங்கட்டி என்கிறார். நான் மாடியைக் காட்டி, இங்கே கால் வைக்க முடியவில்லை என்கிறேன். பிறகு இருவருக்கும் பேச எதுவும் இருப்பதில்லை. மகள் பள்ளிக்குப் போன பிறகு இந்த வீடும் அந்த வீட்டைப் போலவே சத்தமில்லாமல் இருக்கிறது.

நேற்று மாலை தண்ணீர் ஊற்றிவிட்டு வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மகள் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து தக்காளிப் பூவை எண்ணிக்கொண்டிருந்தாள். பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. "தாத்தாகிட்ட சொல்லு பாப்பா, செடியெல்லாம் தப்பிச்சிடுச்சின்னு."

அவள் தலையைத் தூக்கவில்லை. "நீயே சொல்லேம்மா."

துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன், அவர் கூடத்துக்கு வரும்போது செய்வது போல. "மாமா" என்றேன். நேராக அவரை நோக்கி அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை. அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருங்கள் என்று சொல்ல வந்தது. கையில் வேட்டியைத் தடவிப் பார்த்தேன். எங்கேயாவது கொஞ்சம் ஈரம் இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.