எங்கே நின்றாலும் ஓடும் பேட்ச் ஃபைல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு மாதமாக, பைப் பட்டியலை அச்சடிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுகிறேன். அப்படிச் செய்தால்தான் பட்டியலை அச்சடிக்கும் கட்டளைகள் அடங்கிய பேட்ச் ஃபைல் ஓடுகிறது. காரணம் தெரியாது, நான் ஆறாவது ஃபெயில்.

அதை எழுதிக் கொடுத்த சேலத்து மேதை இன்று எங்கள் திருச்செங்கோடு போர்வெல் ஆபீசுக்கு வந்தார். வாசலில் ஆந்திராவுக்குத் தொளை போடப் போகிற ரிக் லாரி பைப் பட்டியலுக்காக உறுமிக்கொண்டு நின்றது.

"கம்ப்யூட்டருக்குள்ள ஃபைலுங்க இருக்கிற அறைதான் டைரக்டரி; நீங்க வேற டைரக்டரியில இருந்து ஓட்டுறீங்க. அணைச்சுப் போட்டா அது தானா சரியான டைரக்டரியில வந்து நிக்குது. ஃபைல் இருக்கிற டைரக்டரிக்குப் போய்த்தான் ஓட்டணும்," என்றார், கழுத்து டையைத் தடவியபடி.

"ஏனுங்க சார், எங்க ரிக்க எந்த ஊர்ல நிறுத்துனாலும் தொளை போடுதுங்க. உங்க ஃபைலு ஊட்டு வாசலத் தாண்டுனா அழுவுதுங்களே?" என்றேன்.

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். மேதைக்கு மூக்கு சிவந்தது. பழைய பட்டியல் இருந்த தன் ஃப்ளாப்பியைச் செருகி, ஃபைலின் முதல் வரியில் பட்டியல் இருக்கும் இடத்தின் முழு விலாசத்தையும் எழுதினார். அந்தப் பழைய பட்டியலை வைத்து நாலு டைரக்டரியிலிருந்து ஓட்டிக் காட்டினார். நாலிலும் ஓடியது.

"படிச்சவன் வேலைங்க இது," என்று சொல்லி, ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறினார்.

இன்றைய பைப்புகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்து, ஃபைலை ஓட்டினேன். ஃப்ளாப்பியைப் போடு என்றது கம்ப்யூட்டர். அவர் எழுதியது எங்கள் கம்ப்யூட்டரின் விலாசம் இல்லை, சட்டைப்பையில் போன அந்த ஃப்ளாப்பியின் விலாசம்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் இருப்பவர்கள் டை கட்டிய ஆளைக் கண்டால் சொல்லுங்கள். லாரி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.